‘லாக்டவுன் புருஷன்’ மீமை மறுபடி பகிரும் முன்: தமிழ் மீம் பக்க அட்மின்களுக்கும் குடும்பக் குழு அட்மின்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களுக்கு,

வணக்கம். மார்ச் மாதக் கடைசி வந்தால் போதும், ஃபேஸ்புக் பழைய பதிவுகளைத் தூசி தட்டி எடுத்து உங்கள் முன் வைக்கும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கிய பிறகு நீங்கள் போட்டவை எல்லாம் வரிசையாக வரும். சிங்க் முன் அழுதுகொண்டு நிற்கும் கணவன், பூரிக்கட்டையோடு மனைவி, பார்லர் மூடியதால் ‘உண்மை முகம்’ வெளிப்பட்ட பெண், பொண்டாட்டி அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டதால் குத்தாட்டம் போடும் ஆண், நர்ஸ் அழகாக இருந்தால் கொரோனா வரட்டுமே என்பவன். ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பகிர்ந்துவிடலாம். அந்தத் தட்டலுக்கு முன் படிப்பதற்காக இதை எழுதுகிறோம். மீம் போடாதீர்கள் என்று கேட்க வரவில்லை. அந்தக் கோடையில் நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு உங்கள் பக்கங்கள்தான் திண்ணையாக இருந்தன.

மீம் எழுதுவதில் உள்ள நெருக்கடியும் தெரிந்ததுதான். இரண்டு கட்டம், ஒரு முகம், பத்துச் சொல். விளக்கம் சொல்ல இடம் கிடையாது. பார்ப்பவர் மனத்தில் ஏற்கெனவே கிடக்கிற ஒன்றைத் தட்டினால்தான் சிரிப்பு வரும். அதனால் அவசரத்தில் கை பழைய அச்சுகளையே தேடிப் போகும்: பெண் என்றால் நச்சரிப்பாள், செலவழிப்பாள், மேக்கப் போடுவாள்; ஆண் என்றால் குடிப்பான், பொண்டாட்டிக்குப் பயப்படுவான், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. 2020 ஏப்ரலில் அவசரம் அதிகம். ஐபிஎல் இல்லை, புதுப் படம் இல்லை, தேர்தல் இல்லை. ஆனால் தினமும் நாலு பதிவு போட்டாக வேண்டும். மிச்சம் இருந்த ஒரே களம் வீடு.

உங்கள் அந்தக் காலத்துப் பதிவுகளில் ஒன்றை எடுத்து, அதில் ‘லாக்டவுன்’, ‘கொரோனா’, ‘குவாரன்டைன்’ என்ற சொற்களை மட்டும் அழித்துப் பாருங்கள். பூரிக்கட்டை ஜோக் அப்படியே நிற்கும். வார இதழ்களின் ஓரத்தில் முப்பது வருடங்களுக்கு முன்பு வந்த துணுக்கு அது. முகக்கவசம் மாட்டிக்கொண்டு மறுபடி வந்திருக்கிறது. அந்த ஊரடங்கில் எல்லோரும் நுரை வரக் கலக்கிய டல்கோனா காபியால் கை வலித்த ஜோக்கை இதே போலச் சோதித்தால் எதுவும் மிஞ்சாது. அது அந்த மாதத்துக்கே உரியது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் இந்த மடலில் பாதி முடிந்தது.

இனி பாத்திரம் விளக்கும் கணவன். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெண்ணைக் கேலி செய்வதாக இது வெளியே தெரிவதில்லை. கேலிக்குள்ளாவது ஆண்தானே, இதில் என்ன குற்றம் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அறிக்கை வந்தது 2020இல். ஊரடங்குக்கு முந்தைய வீடு எப்படி இருந்தது என்று காட்டும் கடைசிப் படம் அதுதான். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். செய்திகளில் இந்த இரண்டு எண்கள்தான் அடிபட்டன. ஆனால் இவை அன்றைய தினம் வீட்டு வேலை செய்தவர்களின் சராசரி மட்டுமே. பெண்களில் 81.2 சதவீதம் பேர் செய்தார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். செய்யாதவர்களையும் சேர்த்து வகுத்தால் பெண்ணுக்கு நாலு மணி நேரம், ஆணுக்கு 25 நிமிடம். ஒரு மெகா சீரியல் எபிசோடு ஓடும் நேரம். 2024இல் எடுத்த அடுத்த கணக்கெடுப்பில் 299 என்பது 289 ஆகியிருக்கிறது, 97 என்பது 88. இரண்டு பேருமே கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். இடைவெளி அப்படியே கிடக்கிறது.

ஊரடங்கு வந்ததும் வேலை கூடியது. பள்ளியில் சாப்பிட்ட பிள்ளைக்கும், ஆபீஸ் கேன்டீனில் சாப்பிட்டவருக்கும் மதியச் சாப்பாடு வீட்டுக்கு வந்தது. நாலு பேர், மூன்று வேளை என்றால் தட்டு மட்டும் பன்னிரண்டு. டம்ளர், கரண்டி, குக்கர், கடாய் எல்லாம் தனி. வெளியே போய் வந்தால் துணியைத் துவைக்க வேண்டும், காய்கறியைக் கழுவ வேண்டும், ஆளாளுக்கு இருபது விநாடி கை கழுவ வேண்டும். குழாயில் தண்ணீர் வராத தெருவில் அந்தக் கைகழுவலுக்கும் குடம் தூக்கியது யார் என்று எந்த மீமும் கேட்கவில்லை. வேலைக்கு வரும் அக்காக்களை அடுக்குமாடிகள் உள்ளே விடவில்லை. அவர்களில் பலருக்குச் சம்பளமும் நின்றது. ‘மெய்டு வராததால் மேடம் படும் பாடு’ என்று சிரித்த மீம்களில் அந்த அக்கா படம் எங்கும் இல்லை.

இந்த நிலையில் ஒரு ஆண் பத்துத் தட்டைக் கழுவுகிறார். மீம் அதைத் தண்டனையாகக் காட்டுகிறது: வடிவேலு அழும் முகம், கீழே ‘லாக்டவுன் டே 10’. சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். இந்த வேலை இவருடையது அல்ல, உலகமே தலைகீழானதால் இவர் தலையில் விழுந்துவிட்டது என்ற எண்ணம் பார்ப்பவரிடம் இருந்தால்தான் இது ஜோக். அதே சிங்க் முன் மனைவி நிற்கும் படத்தைப் போட்டு ‘டே 10’ என்று எழுதினால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அது வெறும் செவ்வாய்க்கிழமை.

சமைக்கத் தெரியாத கணவன் இன்னொரு வகை. இந்தியா வரைபடம் மாதிரி தோசை, உப்பில்லாத ரசம், கருகிய பால். ஆணைத் தாழ்த்துவது போலத் தோன்றும் இந்த ஜோக் உண்மையில் அவருக்கு விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கிறது. ‘சாமி, நீங்க கிச்சன் பக்கமே வராதீங்க’ என்பதுதான் வழக்கமான கடைசிக் கட்டம். சரியாகச் செய்யத் தெரியாதவர் வேலையிலிருந்து தப்பிக்கிறார். முதல்முறை உப்பு மறந்த பெண்ணுக்கு எந்த வீட்டிலும் அப்படி விடுப்புக் கிடைத்ததில்லை. தோசை ஜோக்கில் தெரியாமல் போகும் இன்னொன்று: கல்லில் ஊற்றித் திருப்புவது மூன்று நிமிட வேலை. அதற்குப் பின்னால் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து அளந்து, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவி, எட்டு மணி நேரமாவது புளிக்க விட்ட வேலை முந்தின நாளே நடந்திருக்கிறது. நாளைக்கு மாவு தீர்ந்துவிடும், இன்றைக்கே ஊறப்போட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பதும் வேலைதான். கேமரா கண்ணுக்குக் கல் மட்டும்தான் தெரியும். மீமுக்கும் அப்படியே.

ஆண்கள் மாறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2020 ஏப்ரலில் இந்திய ஆண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் கூடியது என்றும், ஆகஸ்டுக்குள் அது மறுபடி இறங்கினாலும் பழைய அளவுக்கே போய்விடவில்லை என்றும் பொருளியலாளர் அஷ்வினி தேஷ்பாண்டே சிஎம்ஐஇ (இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம்) தரவை வைத்து எழுதினார். அதாவது அந்த ஏப்ரலில் ஏதோ ஒன்று உண்மையாகவே அசைந்தது. அதை அவமானம் என்று பெயர் வைத்துச் சிரித்துத் தள்ளியதில் நம் எல்லோருக்கும் பங்கு உண்டு. அப்படிச் சிரிக்கப்படும் வேலையை மே மாதமும் ஜூன் மாதமும் தொடர்ந்து செய்ய யாருக்கு மனம் வரும்?

பூரிக்கட்டை விஷயம் இதைவிடக் கனமானது. மீமில் அடிப்பவள் மனைவி, அடிவாங்குபவன் கணவன். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், ஊரடங்கால் பாதியில் நின்று பிறகு தொடர்ந்த அதே ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். இந்தியச் சராசரி 29.3. யார் கையில் கட்டை இருக்கிறது என்பதை நம் ஜோக் நேர்மாறாக வரைந்து வைத்திருக்கிறது. இதனால் இரண்டு கேடு. அடிவாங்கும் பெண்ணுக்கு ‘வீட்டுக்கு வீடு வாசப்படி’ என்ற சிரிப்புத்தான் பதிலாகக் கிடைக்கும். உண்மையிலேயே வீட்டில் அடிவாங்கும் ஆணுக்கோ, வாயைத் திறந்தாலே அவர் மீம் ஆகிவிடுவார்.

ஊரடங்கு தொடங்கிய முதல் பத்து நாளுக்குள், ஏப்ரல் 1 வரை, தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் 257. அதில் 69 குடும்ப வன்முறை. மார்ச் முதல் வாரத்தில் மொத்தமே 116, குடும்ப வன்முறை 30. அந்த 257லும் தபாலில் வரும் புகார்கள் இல்லை, ஏனென்றால் தபால் வந்து சேரவில்லை. பெரும்பாலும் மின்னஞ்சல் தெரிந்தவர்கள் எழுதியது. அடிப்பவர் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும்போது போனில் பேச முடியாது என்பதால் ஏப்ரல் 10 அன்று ஆணையம் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் மார்ச்சிலேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: மருந்துக் கடையில் போய் ‘மாஸ்க் 19 வேண்டும்’ என்று கேட்டால், கடைக்காரர் அவசர உதவிக்குத் தகவல் சொல்வார். பூரிக்கட்டை மீமும் ஆணையத்தின் எண்ணும் அந்த ஏப்ரலில் ஒரே வாட்ஸ்அப்பில், ஒரே போனில் வந்து விழுந்தன.

டாஸ்மாக் மீம்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மார்ச் 24 அன்று மூடிய கடைகள், சென்னை தவிர்த்து, மே 7 அன்று திறந்தன. ஒரே நாளில் விற்பனை 170 கோடி ரூபாயைத் தாண்டியது. மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. மே 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. இந்த ஒரு வாரம் மீம் உலகுக்குத் தீபாவளி. குடிமகன் வரிசை, மாலை, தேங்காய் உடைப்பு என்று உண்மையிலேயே சிரிக்க நிறைய இருந்தது. ஆனால் கடையைத் திறக்காதே என்று மறியல் செய்த பெண்கள் அந்தப் பதிவுகளில் ‘சந்தோஷத்தைக் கெடுக்க வந்த அக்காக்கள்’ ஆனார்கள். அவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு மேலே சொன்ன சதவீதம் போதும்.

‘நாங்கள் என்ன அரசாங்கமா, சும்மா ஒரு பக்கம் நடத்துகிறோம்’ என்று சொல்வீர்கள். அரசாங்கங்களே உங்கள் பக்கத்திலிருந்துதான் எடுத்தன என்பது அந்த வருடத்தின் விசித்திரம். 2020 மே 26 அன்று இந்தோனேசிய அமைச்சர் மாபுத் எம்.டி., கொரோனா மனைவியைப் போன்றது, முதலில் அடக்கப் பார்ப்போம், முடியாது என்று தெரிந்ததும் கூடவே வாழக் கற்றுக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். சக அமைச்சர் அனுப்பிய மீம் என்று அவரே சொன்னார். பெண்கள் அமைப்புகள் கொதித்தன. இதற்கு இரண்டு மாதம் முன்பு, நம் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் வாழும் மலேசியாவில், பெண்கள் அமைச்சகமே போஸ்டர் போட்டது: வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் மேக்கப் போட்டு நேர்த்தியாக உடுத்துங்கள், கணவரிடம் வேலை சொல்லும்போது குத்திப் பேசாமல் டோரேமான் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் நாணிச் சிரித்துக் கேளுங்கள் என்று. மார்ச் 31 அன்று மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்டன் அரசு 2021 ஜனவரியில் வெளியிட்ட ‘வீட்டில் இருங்கள்’ படத்தில் பெண்கள் துடைத்தார்கள், பிள்ளைக்குப் பாடம் சொன்னார்கள். படத்தில் இருந்த ஒரே ஆண் சோபாவில் சாய்ந்திருந்தார். அதையும் திரும்பப் பெற்றார்கள்.

பெருவில் நடந்தது கணக்குப் பாடம் மாதிரி. 2020 ஏப்ரல் 3 முதல் திங்கள், புதன், வெள்ளி ஆண்கள் மட்டும் வெளியே வரலாம். செவ்வாய், வியாழன், சனி பெண்கள் மட்டும். கூட்டம் பாதியாகும் என்று நினைத்தார்கள். பெண்கள் நாளில் சந்தைகள் பிதுங்கின, ஏனென்றால் வீட்டுக்கு வாங்குவது அவர்கள் வேலையாக இருந்தது. ஒரு வாரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. இதே முறையைப் பின்பற்றிய பனாமாவில், திருநங்கைகளும் திருநம்பிகளும் எந்த நாளில் வெளியே வந்தாலும் காவலர்கள் மடக்கினார்கள். வீட்டு வேலை யாருடையது என்பது ஒரு நாட்டின் நோய்த்தடுப்பையே கவிழ்க்கக்கூடிய சங்கதி.

சரி, பட்டறைக்கு வருவோம்.

உங்கள் மீமில் ‘நான்’ என்று லேபிள் ஒட்டும் முகம் யாருடையது என்று முதலில் பாருங்கள். தமிழ் மீமில் ‘நான்’ கிட்டத்தட்ட எப்போதும் ஆண். ‘லீ நான்’ (மீம் போடுபவர் தன்னைக் குறிக்க ஒட்டும் லேபிள்) என்றால் வடிவேலு, கவுண்டமணி, சந்தானம். பெண்ணுக்கு ஒட்டும் லேபிள் உறவுப் பெயர்: பொண்டாட்டி, மாமியார், எக்ஸ், கிரஷ், ஹோம் மினிஸ்டர். உங்கள் டெம்ப்ளேட் ஃபோல்டரைத் திறந்தால் காரணம் புரியும். ஆண் முகங்களில் திகைப்பு, சமாளிப்பு, பெருமிதம், குழப்பம், குசும்பு எல்லாம் இருக்கும். பெண் முகங்களில் கத்தல், அழுகை, வெட்கம், மிஞ்சிப்போனால் கோவை சரளா. யோசிக்கும் பெண் முகம், சோம்பேறித்தனமாகப் படுத்திருக்கும் பெண் முகம், தப்புச் செய்துவிட்டு முழிக்கும் பெண் முகம் ஃபோல்டரில் இல்லாவிட்டால் அவசரத்தில் அப்படி ஒரு ஜோக் தோன்றவே தோன்றாது. ஆகவே திருத்தம் அங்கே தொடங்க வேண்டும். பெண் நடிகர்களின் வெவ்வேறு பாவங்களில் ஒரு முப்பது ஸ்டில்களைத் தேடி, உணர்ச்சியின் பெயரில் சேமித்து வையுங்கள்: ‘முழிப்பு’, ‘நமட்டுச் சிரிப்பு’, ‘எனக்கென்ன’. நடிகர் பெயரில் சேமித்தால் தேடும்போது மறுபடி பழைய முகமே கைக்கு வரும்.

அடுத்து ஒரு தணிக்கை, ஒரு மாலை வேலை. கடைசி ஐம்பது பதிவுகளை ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். ஐந்து பத்தி: ‘நான்’ யார், சிரிப்பு யார் மேல், பெண் இருந்தால் என்ன செய்துகொண்டிருக்கிறாள், ஆண் பெண் இடம் மாற்றினால் ஜோக் நிற்கிறதா, செய்தியை எடுத்துவிட்டால் நிற்கிறதா. நான்காவது பத்தியில் ஏமாற வாய்ப்பு உண்டு. இடம் மாற்றியதும் ஜோக் செத்துவிட்டால் அதனாலேயே அது கெட்ட ஜோக் என்று பொருளில்லை. பஸ்ஸில் பெண்கள் படும் தொல்லையைக் குத்திக் காட்டும் மீமை மாற்றினாலும் அது செத்துத்தான் போகும். செத்ததா என்பதோடு நிறுத்தாமல் ஏன் செத்தது என்று எழுதுங்கள்: உண்மை நிலைமை ஒருபக்கமாக இருப்பதாலா, நம் எதிர்பார்ப்பு ஒருபக்கமாக இருப்பதாலா. நான்காவதில் செத்து ஐந்தாவதில் நிற்கும் பதிவைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மாற்றி எழுதுவது நினைப்பதைவிடச் சுலபம். பாத்திர ஜோக்கையே எடுத்துக்கொள்வோம். பழையது: மேல் கட்டத்தில் மனைவி ‘குக்கரையும் சேத்து வெளக்குங்க’, கீழே அழும் ‘நான்’. புதியது: ‘லாக்டவுன் டே 10. ஒரு கண்டுபிடிப்பு: சிங்க்ல போட்ட தட்டு தானா கழுவிக்காதாம். முப்பத்தஞ்சு வருஷமா வேற மாதிரி நினைச்சிட்டிருந்தேன்.’ அதே முகத்தை வைக்கலாம். இப்போது சிரிப்பு அந்த முப்பத்தைந்து வருடத்தின் மேல் விழுகிறது. பார்லர் ஜோக் வேண்டுமா? சலூனும் மூடித்தான் கிடந்தது. யூடியூப் பார்த்து வீட்டுக் கத்தரிக்கோலால் வெட்டிய தலைகளுக்குப் பாலினம் இல்லை, அது எப்போதும் சிரிப்புத்தான். நர்ஸ் ஜோக்கை மட்டும் திருத்த முயல வேண்டாம். பிபிஇ கிட்டுக்குள் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறை போகாமல் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அதை விட்டுவிடுங்கள்.

சொற்களில் ஒன்றைக் கவனியுங்கள்: ‘ஹெல்ப்’. ‘பொண்டாட்டிக்கு ஹெல்ப் பண்ணும் புருஷன்’, ‘ஒத்தாசை’. வேலை அவளுடையது, இவர் தர்மம் செய்கிறார் என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘பாத்திரம் விளக்குறார்’ என்று எழுதினால் எழுத்தும் மிச்சம். இன்னொன்று ‘சும்மா’. ‘வீட்ல சும்மாதான் இருக்காங்க’ என்று எழுதுமுன் 299 நிமிடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மீம் நன்றாக இருந்தும் கமென்ட் பகுதி அதைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் வரும் நாலைந்து கமென்ட்தான் மீதியின் திசையைத் தீர்மானிக்கும். பதிவு போட்ட கையோடு போனை வைத்துவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் கூடவே இருந்து, பொருத்தமான ஒரு கமென்டைப் பின் செய்யுங்கள். சொல் வடிகட்டியில் தமிழ் எழுத்தில் மட்டும் வசவுகளை ஏற்றிப் பயனில்லை. ‘ஆண்ட்டி’ என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். உங்கள் பக்கத்தில் உண்மையில் வந்த எழுத்துக்கூட்டல்களை எடுத்து ஏற்றினால்தான் மாட்டும். எதிர்த்துக் கமென்ட் போட்ட பெண்ணின் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘பாருங்கடா இந்த பூமரை’ என்று போடும் பழக்கத்தை விடுங்கள். வேறு காரணத்துக்காக ஸ்கிரீன்ஷாட் போட்டே ஆக வேண்டும் என்றால் பெயர், டிபி இரண்டையும் மறையுங்கள். போனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் தீட்டினால் போதாது. அது ஒளி ஊடுருவும் மை, பல தடவை தீட்டினாலும் படத்தின் பிரைட்னஸைக் கூட்டினால் பெயர் தெரிந்துவிடலாம். முழுக் கறுப்புக் கட்டம் வைத்து மூடி, அந்தப் படத்தையே மறுபடி ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்.

குடும்பக் குழு அட்மின்களுக்குக் கதை வேறு. நீங்கள் எதையும் உருவாக்குவதில்லை, வந்து விழுவதைத் தாங்குகிறீர்கள். 2020 ஏப்ரல் 7 அன்று வாட்ஸ்அப், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. ஃபார்வர்டு குறைந்தது உண்மை. ஆனால் படத்தைச் சேமித்துப் புதிதாக ஏற்றினால், பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி போய்விடும். பெரியப்பாவே எழுதிய ஜோக் போல வந்து உட்காரும். பிறர் பதிவை எல்லோருக்கும் அழிக்கும் அதிகாரம் அட்மினுக்கு வந்ததே 2022இல்தான். சட்டமும் உங்களை நெருக்கவில்லை: உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லிவிட்டன. ஆகவே இது சட்டப் பேச்சு இல்லை, வீட்டுப் பேச்சு.

‘பெண்களே சிரிக்கிறார்களே’ என்பீர்கள். மாமனார், மச்சினர், நாத்தனார் இருக்கும் குழுவில் பெரிய மாமா போட்ட ஜோக்குக்கு மருமகள் அனுப்பும் கண்ணீர்ச் சிரிப்பு முகம் ஒரு மரியாதை. காலில் விழுவது மாதிரி. அதை ரசனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாமாவைக் குழுவில் வைத்துக் கண்டித்தாலும் வேலைக்காகாது. அவர் இன்னும் நாலு போடுவார், நடுவில் மருமகள் மேல் பழி விழும். தனியாக எழுதுங்கள்: ‘மாமா, அந்தப் பூரிக்கட்டை ஜோக் நம்ம குரூப்ல வேண்டாமே, பிள்ளைங்களும் பாக்குறாங்க.’ குழுவிலேயே சொல்லக்கூடிய உரிமை உள்ளவர், அதாவது வயதில் மூத்த ஆண் அல்லது பாட்டி, சிரிப்போடு கேட்கலாம்: ‘அது இருக்கட்டும், இன்னிக்கு உங்க வீட்ல யார் பாத்திரம்?’ இந்த ஒரு வரி எந்தக் கட்டுரையைவிடவும் நன்றாக வேலை செய்யும்.

பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம். அந்த ஆண்டு நாம் எதற்குச் சிரித்தோம் என்பதற்கு அவைதான் ஆவணம். பின்னால் யாராவது தேடி வருவார்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று புள்ளியைத் தட்டி ஆர்க்கைவ் செய்தால் லைக்கும் கமென்டும் போகாமல் பதிவு மட்டும் மறையும். ஃபேஸ்புக்கிலும் ஆக்டிவிட்டி லாகில் அதே வசதி உண்டு. மெமரீஸ் அமைப்பில் 2020 மார்ச் முதல் மே வரையிலான தேதிகளை மறைத்துவிட்டால் அது ஆண்டுதோறும் நீட்டாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பெண்கள் உதவி எண் 181ஐக் குழுவில் செய்தியாகப் போடாதீர்கள், காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். எந்தப் பெண்ணுக்கும் தனியாகவும் அனுப்பாதீர்கள்; போனை வீட்டில் வேறு யாராவது பார்ப்பார்கள். குழுவின் விவரக் குறிப்பில் ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் 1098, மின்னகம், கேஸ் புக்கிங் எண்களோடு நடுவில் ஒரு வரியாகச் சேர்த்து வையுங்கள். கரன்ட் போனால் எல்லோரும் திறந்து பார்க்கும் இடம் அது. அங்கே ஒருத்தி வேறு எண்ணைத் தேடினால் யாருக்கும் தெரியாது.

இப்படிக்கு,
ஊரடங்கு கால மீம்களைச் சேகரித்துப் படித்து வரும் சிலர்